இன்ஸ்டால் பொத்தானுக்குக் கீழே

புதிதாகத் தொலைபேசியோ டேப்லெட்டோ வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்னென்ன செயலி போட்டுக்கொள்ளலாம்?" என்பதுதான். "இப்போதைக்கு ஒன்றும் போடாதீர்கள்" என்று சொன்னால், ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள். 'பத்துச் சிறந்த செயலிகள்', 'தவறவிடக் கூடாத இருபது செயலிகள்' என்று பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்றை அனுப்பிவிட்டால் என் வேலையும் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதே இல்லை. ஒரு சுத்தியலை வாங்கினால் அது பத்து வருடம் கழித்தும் அதே சுத்தியலாகத்தான் இருக்கும். செயலி அப்படி இராது. அதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கிருந்தோ பணம் வருகிறது, அவர்கள் மனம் மாறினால் நாளைக் காலையில் அதே பெயரில், அதே சின்னத்தில் வேறொன்று உங்கள் திரையில் உட்கார்ந்திருக்கும். அதனால் செயலியைப் பார்க்கும் நேரத்தைவிட அதை நடத்துபவரைப் பார்க்கும் நேரம்தான் எனக்கு அதிகம்.

"ஒன்றும் போடாதீர்கள்" என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேடிப் போகும் பாதி வசதிகள் கருவியிலேயே இருக்கின்றன. கேமராவைக் கியூஆர் குறியீட்டுக்கு நேராகப் பிடித்தாலே அது படித்துவிடுகிறது. ஐஃபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த வசதி இருக்கிறது. காகிதங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவதும், திரையில் நடப்பதைப் பதிவு செய்வதும் அதே பதிப்பில் உள்ளேயே வந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குள் ஸ்கேன் வசதி இருக்கிறது, 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவும் இருக்கிறது. படத்தில் உள்ள எழுத்துகளைப் பிரித்தெடுப்பது, கடவுச்சொற்களைச் சேமித்து வைப்பது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தோம் என்று கணக்குச் சொல்வது எல்லாமே உள்ளே இருப்பவைதான். அமைப்புகள் பக்கத்தை ஒரு மாலை நேரம் பொறுமையாக மேய்ந்து பார்த்தால் போதும், போட நினைத்திருந்த செயலிகளில் பலவற்றின் தேவை தானாகவே கழன்றுவிடும்.

டார்ச் விளக்கின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தொலைபேசியின் விளக்கை எரியவைக்கவே தனிச் செயலி தேவைப்பட்டது. 2013இல் ஐஓஎஸ் 7, 2014இல் ஆண்ட்ராய்டு 5 வந்த பிறகுதான் திரையை இழுத்தால் டார்ச் பொத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய காலத்தில் கோடிக்கணக்கானோர் நிறுவியிருந்த 'பிரைட்டெஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற இலவசச் செயலியின் மீது அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2013 டிசம்பரில் வெளியான அந்த வழக்கின் விவரம் படிக்கத் தக்கது. விளக்கை எரியவைப்பது மட்டுமே வேலையாக இருந்த செயலி, பயனரின் இருப்பிடத்தையும் கருவியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும் பக்கமும் அதில் இருந்தது. ஆனால் பயனர் எதையும் அழுத்துவதற்கு முன்பே தகவல் கிளம்பிப் போய்விட்டிருந்தது. செயலிக்கு இருந்த வேலை மிகச் சிறியது, வெளிச்சமும் நன்றாகவே வந்தது. செயலியைப் பயன்படுத்திப் பார்த்து மட்டும் இந்த விஷயத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உள்ளே இருப்பது போதும் என்பதற்கு விதிவிலக்குகளும் உண்டு, அதில் ஒன்று வேடிக்கையானது. 2010இல் விற்பனைக்கு வந்த ஐபேடில் கால்குலேட்டர் கிடையாது. ஆப்பிள் அதைச் சேர்த்தது 2024இல், ஐபேட்ஓஎஸ் 18 பதிப்பில். பதினான்கு வருடங்கள், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று தயாரித்த கணினியில் இரண்டும் இரண்டும் கூட்ட வெளியார் செயலியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஒரு வகைச் செயலியை மட்டும் விசாரணையே இல்லாமல் ஒதுக்கிவிடுகிறேன். நினைவகத்தைத் துடைப்பவை, வேகத்தைக் கூட்டுபவை, பேட்டரியைக் காப்பாற்றுபவை. ஆண்ட்ராய்டு, சற்று முன் பயன்படுத்திய செயலிகளை வேண்டுமென்றேதான் நினைவகத்தில் வைத்திருக்கிறது, மறுபடி திறக்கும்போது சட்டென்று வர வேண்டும் என்பதற்காக. இடம் தேவைப்பட்டால் அதுவே அப்புறப்படுத்திக்கொள்ளும். 'துடைக்கும்' செயலி அவற்றை மூட, அவை மறுபடி அடியிலிருந்து எழுந்து வர, பேட்டரிதான் கூடுதலாகச் செலவாகிறது. துடைக்கும்போது அது காட்டும் ராக்கெட் பறக்கும் படத்தைப் பார்த்து மனம் குளிர்வதைத் தவிர அதில் வேறு பயன் இல்லை.

சரி, உள்ளே இல்லாத ஒன்று உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரைத் திறக்கிறோம், தேடுகிறோம். 2008 ஜூலை 10 அன்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டபோது அதில் சுமார் 500 செயலிகள் இருந்தன. ஆர்வமுள்ள ஒருவர் ஒரு வார இறுதியில் மொத்தக் கடையையும் சுற்றி வந்திருக்கலாம். இன்று லட்சக்கணக்கில் குவிந்து கிடப்பதை யாராலும் சுற்றிவர முடியாது. அதனால் தேடலில் மேலே வருவதையே நாம் எடுக்கிறோம். மேலே வருவதோ பெரும்பாலும் காசு கொடுத்து மேலே வந்தது. 'விளம்பரம்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும். விளம்பரம் செய்தவர் அந்தச் செலவை எங்கேயாவது மீட்டாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நான் அடுத்ததற்கு நகர்ந்துவிடுவேன்.

செயலியின் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படிப்பது என் வழக்கம். மேலே இருக்கும் பெயர், சின்னம், பளபளக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் அவர்கள் நமக்குக் காட்ட விரும்புபவை. கீழே இருப்பவை காட்டியே தீர வேண்டியவை. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? இரண்டு வருடமாக யாரும் தொடாத செயலி அடுத்த ஆண்ட்ராய்டு பதிப்பில் படுத்துவிடலாம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகள் அத்தனையும் ஒரே நாளில் திறக்காமல் போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தொடர்பு முகவரி என்ன? ஒரு நிறுவனத்தின் தளமா, அல்லது எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஒரு மின்னஞ்சலா? தனியுரிமைக் கொள்கை என்ற இணைப்பை அழுத்தினால் பக்கம் திறக்கிறதா?

பிறகு, உருவாக்குநரின் பெயரை அழுத்துவேன். அவரது பிற செயலிகள் வரிசையாக வரும். பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள பொத்தான் இதுதான், ஆனால் அதை அழுத்துபவர்கள் குறைவு. குறிப்பெடுக்கும் செயலி செய்தவர் அதன் டேப்லெட் பதிப்பையும் கணினிப் பதிப்பையும் செய்திருந்தால் மனம் நிம்மதியடைகிறது. அதே ஆள் வால்பேப்பர், ராசிபலன், பேட்டரி காப்பான், விபிஎன், ரிங்டோன், முகத்தை முதுமையாக்கும் கேமரா என்று முப்பது வைத்திருந்தால், அவருக்குக் குறிப்பெடுப்பதில் ஆர்வம் ஒன்றும் இல்லை. எது மாட்டுகிறதோ மாட்டட்டும் என்று வலை வீசியிருக்கிறார்.

நட்சத்திரங்களை நான் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. 'எங்கள் செயலி பிடித்திருக்கிறதா?' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் ஸ்டோருக்கு அழைத்துப் போய் நட்சத்திரம் கேட்பார்கள், இல்லை என்றால் 'உங்கள் கருத்தை எங்களுக்கு எழுதுங்கள்' என்று வேறு படிவத்துக்குத் திருப்பிவிடுவார்கள். மகிழ்ச்சியானவர்களை மட்டும் வடிகட்டி எடுத்த நாலரை நட்சத்திரத்துக்கு என்ன மதிப்பு? விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கிவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படிக்க வேண்டும். ஐந்து கொடுத்தவர் 'அருமை' என்று மட்டும் எழுதியிருப்பார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருப்பார். மூன்று கொடுத்தவர்தான் உட்கார்ந்து யோசித்து எழுதியவர். 'போன அப்டேட்டுக்குப் பிறகு' என்று தொடங்கும் வரிகள் அடுத்தடுத்து தென்பட்டால், பின்னால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

அப்படி நடந்ததற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 'பார்கோடு ஸ்கேனர்' என்ற எளிய பெயரில் பிளே ஸ்டோரில் பல வருடங்களாக ஒரு செயலி இருந்தது. ஒரு கோடிக்கும் மேல் பதிவிறக்கம், குறையொன்றும் இல்லை. 2020 இறுதியில், உரிமை கைமாறும் சமயத்தில் வந்த ஓர் அப்டேட்டில் தீங்கான நிரல் சேர்ந்துகொண்டது. பயனர்களின் தொலைபேசியில் உலாவி தானாகத் திறந்து விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது. புதிதாக எதையும் நிறுவாத மக்கள் காரணம் புரியாமல் தவித்தார்கள். மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 பிப்ரவரியில் விவரத்தை வெளியிட்டது, கூகுள் செயலியை நீக்கியது. இதில் பயனர்கள் தவறாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல செயலியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அது அவர்கள் கையிலேயே கெட்டுப்போனது. 2019இல் காகிதங்களை ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பத்துக் கோடிக்கும் மேல் பதிவிறக்கம் பெற்ற அந்தச் செயலியின் விளம்பர நிரலுக்குள் தீங்கான பகுதி ஒளிந்திருப்பதை காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிளே ஸ்டோரிலிருந்து அது நீக்கப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டபின் திரும்பி வந்தது.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் பயனர்களுக்குத் தப்பிக்க ஒரு கதவு இருந்தது. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று ஒரு தொகுப்பு. படத்தொகுப்பு, நாட்காட்டி, தொடர்புகள், கோப்புகள் என்று அன்றாடத் தேவைகளுக்கான சிறிய செயலிகள். விளம்பரம் இல்லை, தேவையற்ற அனுமதி கேட்பதில்லை, திறந்த மூல நிரல், அதாவது யார் வேண்டுமானாலும் பார்த்து, எடுத்து, மாற்றிக்கொள்ளக்கூடிய நிரல். ஆண்ட்ராய்டில் எதைப் போடலாம் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொன்னது அதைத்தான். 2023 இறுதியில் அது விளம்பர வருமானத்தில் கைதேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நிரல் திறந்த மூல உரிமத்தில் இருந்ததால், அதில் பங்களித்து வந்தவர்கள் பழைய நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பயனர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். திறந்த மூலம் என்றால் 'இலவசம்' என்று மட்டும் புரிந்துகொண்டிருப்பவர்களிடம் நான் சொல்லும் கதை இது. அந்த உரிமம் உங்களுக்குத் தருவது, உரிமையாளர் மாறினாலும் செயலி பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பை.

ஆகவே கேள்வி இதுதான்: இந்தச் செயலியை நடத்துபவர் வயிறு எதனால் நிறைகிறது? விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது. வீடியோ பார்க்க உதவும் வி.எல்.சி. பிளேயரை நடத்துவது வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற பிரெஞ்சு அமைப்பு. சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் பின்னால் 2018இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை இருக்கிறது. பறவையின் குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகத்தினுடையது. தொலைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி போன்ற உணரிகளைக் கொண்டு இயற்பியல் சோதனைகள் செய்ய உதவும் ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. லிஃப்டில் ஏறிக்கொண்டு தொலைபேசியைத் தரையில் வைத்தால், ஏறும் வேகத்தைக் காற்றழுத்தமானியைக் கொண்டு வரைபடமாகப் போட்டுக் காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் இது கிடைத்திருந்தால் என் மதிப்பெண்களின் கதையே வேறாக இருந்திருக்கும். (எல்லாத் தொலைபேசியிலும் காற்றழுத்தமானி இருக்காது, அதையும் அந்தச் செயலியே சொல்லிவிடும்.)

பணம் கேட்கும் செயலியைக் கண்டால் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆன்கி என்ற மனப்பாட அட்டை மென்பொருளைப் பாருங்கள். கணினியில் இலவசம், ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் நடத்தும் ஆன்கிடிராய்டும் இலவசம், ஐஃபோனில் மட்டும் விலை உண்டு. அந்த வருமானம்தான் மூல மென்பொருளின் வளர்ச்சிக்குத் துணையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஒருமுறை பணம், நேரடியான உறவு, எனக்குப் பிடித்த ஏற்பாடு. சந்தாவும் நியாயமாக இருக்கலாம், அவர்கள் பக்கத்தில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் சேவை என்றால். ஆனால் கால்குலேட்டருக்கும் அளவுகோலுக்கும் வாரச் சந்தா கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் இலவசம் என்று தொடங்கி, நிறுத்த மறந்தவர்களிடம் பெரும் தொகையைக் கறக்கும் இந்த வகையைப் பற்றி சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் விரிவாக எழுதியது. இதில் பலர் சிக்குவதற்குக் காரணம் ஒரு சின்னத் தவறான எண்ணம். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரிலோ ஆப்பிள் கணக்கிலோ சந்தாக்கள் என்ற பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். சோதனைக் காலத்தில் சேர்ந்த அன்றே ரத்து செய்தாலும், பெரும்பாலான செயலிகள் மீதி நாட்களுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

அனுமதிகள் விஷயத்தில் காலம் நம் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2015க்கு முன்பு எல்லா அனுமதியையும் நிறுவும்போதே மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது செயலியே வேண்டாம் என்று போய்விட வேண்டும். ஆண்ட்ராய்டு 6 தான் ஒவ்வொன்றையும் தேவைப்படும்போது கேட்கவைத்தது. 2019இல் 'பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம்', 2020இல் 'இந்த முறை மட்டும்', 2021இல் கேமராவோ மைக்கோ இயங்கினால் மூலையில் தெரியும் பச்சைப் புள்ளி, 2022இல் அறிவிப்பு அனுப்பவே அனுமதி என்று படிப்படியாக வந்தன. ஆப்பிளும் இதே பாதையில்தான் வந்தது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று செயலிகளை வாய்விட்டுக் கேட்கவைத்தது.

இத்தனை வசதி இருக்கும்போது என் நடைமுறை எளியது. முதல் முறை திறக்கும்போது எல்லாவற்றுக்கும் 'இல்லை'. நல்ல செயலி அதை ஏற்றுக்கொண்டு முடிந்தவரை வேலை செய்யும். கேமரா தேவைப்படும் இடத்தில் மட்டும், ஏன் தேவை என்று சொல்லி மறுபடி கேட்கும். அனுமதி கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலிலேயே முறைக்கும் செயலி, தன் குணத்தை முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டது. இதில் தொடர்புகள் பட்டியலை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். என் இருப்பிடத்தைக் கொடுப்பது என் பாடு. ஆனால் தொடர்புகள் பட்டியலில் இருப்பவை மற்றவர்களின் எண்கள், அவர்களைக் கேட்காமல் ஒரு விளையாட்டுச் செயலிக்கு அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? அதைவிடப் பெரியது அணுகல்தன்மைச் சேவை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்ட உருவான வசதி அது. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்கள் சார்பில் பொத்தான்களையும் அழுத்தும். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீம்பொருள்கள் குறிவைத்துக் கேட்பது இந்த அனுமதியைத்தான். விசைப்பலகைச் செயலிகளும் இதே கவனத்துக்கு உரியவை, நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஐஃபோனில் கடவுச்சொல் பெட்டியில் மட்டும் ஆப்பிளின் விசைப்பலகை தானாக வந்து உட்கார்ந்துகொள்வதற்குக் காரணம் அதுவே.

ஸ்டோர் பக்கத்தில் 'எந்தத் தரவைச் சேகரிக்கிறோம்' என்று ஒரு பகுதி இருக்குமே, அதை நம்பலாமா என்று கேட்பார்கள். ஆப்பிளில் 2020 டிசம்பரிலும் பிளே ஸ்டோரில் 2022லும் வந்தது. படிக்க வேண்டும், ஆனால் அது செயலி செய்தவரே நிரப்பிய படிவம் என்பதை மறக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சு அமைப்பின் தளம் உதவும். செயலியின் பெயரைக் கொடுத்தால், அதன் நிரலுக்குள் என்னென்ன கண்காணிப்பு நிரல்கள் தென்படுகின்றன என்று பட்டியல் போடும். அறிமுகமான வானிலைச் செயலி ஒன்றைத் தேடிப் பாருங்கள், பட்டியலின் நீளம் உங்களை உட்காரவைத்துவிடும்.

அடுத்ததாக, வெளியேறும் வழி. குறிப்புகள், செலவுக் கணக்கு, வேலைப் பட்டியல், உடல்நலப் பதிவு என்று வருடக்கணக்கில் நாம் எழுதிச் சேர்க்கப்போகும் செயலி எதுவானாலும், முதல் நாளே நாலைந்து பொய்ப் பதிவுகள் போட்டுவிட்டு 'ஏற்றுமதி' எங்கே என்று தேடுவேன். கிடைப்பது சாதாரண உரைக் கோப்பா, எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வியா, அல்லது அந்தச் செயலிக்கு மட்டுமே புரியும் கோப்பா? அதைத் தொலைபேசிக்கு வெளியே எடுத்துக் கணினியில் திறந்து பார்ப்பேன். தேதி ஒழுங்காக வந்திருக்கிறதா, தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதையாமல் இருக்கின்றனவா? ஒட்டியிருந்த படங்கள் கூடவே வந்தனவா? இந்தக் கால் மணி நேர வேலை பல வருட உழைப்பைக் காப்பாற்றும். வண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியை விரும்பாதவர்கள் குறைவு. 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6இல் மூடியது. எவர்நோட்டில் பல ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்திருந்தவர்கள், 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே நோட்டுப் புத்தகம் என்ற வரம்பு வந்தபோது திகைத்துப் போனார்கள். இரண்டும் நல்ல செயலிகள்தான். இரண்டிலிருந்தும் தரவை வெளியே எடுக்க வழி இருந்தது, அதனால் சேதம் குறைவு. கடவுச்சொல்லோடு ஓர் எண்ணையும் கேட்கும் இருகட்ட உள்நுழைவுக்கான எண்களைத் தரும் செயலிகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தொலைபேசி தொலைந்தால் அந்த எண்களை வேறு கருவிக்குக் கொண்டுவரும் வழி என்ன என்று முன்பே பார்த்துவைக்காதவர் தன் கணக்குகளின் வாசலிலேயே நிற்க நேரிடும்.

வெளியேறும்போது இன்னொரு கதவும் உண்டு. செயலியை நீக்கினாலும் அவர்களிடம் உள்ள உங்கள் கணக்கு அப்படியே இருக்கும். கணக்கு உருவாக்க அனுமதிக்கும் செயலி, அதை அழிக்கும் வழியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியது. அமைப்புகளில் அடியாழத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும்.

டேப்லெட்டைப் பற்றித் தனியாக அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொலைபேசிக்குச் செய்த செயலியை அப்படியே இழுத்துப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். ஸ்டோர் பக்கத்தில் டேப்லெட்டுக்கான ஸ்கிரீன்ஷாட்டுகள் தனியாக இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஐபேடுக்கான வாட்ஸ்அப் 2025 மே மாதத்திலும் இன்ஸ்டாகிராம் அதே ஆண்டு செப்டம்பரிலும்தான் வந்தன. கருவி வந்து பதினைந்து வருடம் கழித்து. பெரிய திரையில் உலாவியே நன்றாக வேலை செய்வதால், செய்தி, வங்கி, டிக்கெட் போன்றவற்றுக்குத் தளத்தைத் திறந்து 'முகப்புத் திரையில் சேர்' என்று போட்டுக்கொள்வது பல நேரங்களில் போதும். உண்மையில் 2007இல் முதல் ஐஃபோன் வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியாருக்குச் சொன்ன வழியும் அதுதான்: உலாவியில் ஓடும் செயலிகளைச் செய்யுங்கள். அடுத்த வருடமே மனம் மாறி ஸ்டோரைத் திறந்தார்கள்.

போட்டுப் பார்த்த செயலியைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மலிவான வழி விமானப் பயன்முறை. இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். குறிப்பேடும் அகராதியும் நாட்காட்டியும் அப்போதும் திறக்க வேண்டும். வரைபடம் ஏற்கனவே இறக்கி வைத்த பகுதியைக் காட்ட வேண்டும். கிவிக்ஸ் போன்ற செயலியில் விக்கிப்பீடியாவையே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்தில், மழையில், வழி தெரியாமல் நிற்கும்போதுதான் பலருக்கும் தங்கள் செயலி இணையத்தைக் காட்டும் வெறும் ஜன்னல் என்று தெரியவருகிறது. அதை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

நமக்குத் தேர்ந்தெடுப்பது ஒரு விதம், வீட்டுப் பெரியவர்களுக்குத் தேர்ந்தெடுப்பது வேறு விதம். அங்கே வசதிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை முகப்பை மாற்றி அலங்கரிக்காமல் இருக்க வேண்டும். முழுத்திரை விளம்பரம் வரும் செயலி எதுவும் கூடாது. அந்த விளம்பரத்தின் மூலையில் இருக்கும் சிறிய பெருக்கல் குறியைத் தொட முயன்று விளம்பரத்தையே தொட்டு, அங்கிருந்து இன்னொரு செயலியை நிறுவிவிடுவது வயதானவர்களின் கருவிகளில் ஓயாமல் நடக்கிறது. என் சித்தியின் டேப்லெட்டை ஒருமுறை சுத்தம் செய்தபோது, அவர் போட்டதாக நினைவே இல்லாத செயலிகள்தான் அதில் அதிகம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி செய்து, அழைப்பும் செய்தியும் தவிர மற்ற அறிவிப்புகளை அணைத்துவிட்டேன்.

"எல்லாம் சரி, எனக்கு விளையாட ஒன்று வேண்டும்" என்றார். சைமன் டாத்தம் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் பல வருடங்களாகப் பராமரித்து வரும் புதிர்த் தொகுப்பை நிறுவிக் கொடுத்தேன். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் தேவையில்லை, பரிசுப் பெட்டியும் வைரமும் கிடையாது. தோற்றம் மட்டும் தொண்ணூறுகளின் கணினி போல இருக்கும். சில வாரம் கழித்துப் போனபோது அதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதே, சுலபமாக ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டார்.